வணிகத்தின் குரல் யாருடையது?



வணிக நிறுவனங்களுக்குச் சமூக ஊடகத்திற்கென்றே தனியொரு வல்லுநர் தேவையா என்பது இவ்வுரையின் பொருள். இருபது ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு கேள்வி எழுந்திருக்க வழியில்லை. இன்றோ, கடையடைத்து வீடு திரும்பிய பின் பல குடும்பங்களில் நடக்கும் வழக்கே இதுதான். "நாற்பது ஆண்டுகளாக வாய்ச்சொல்லாலேயே வியாபாரம் நடந்தது, கைப்பேசியில் படம் போடுவதற்கு ஒரு சம்பளமா?" என்பார் தந்தை. "கைப்பேசியில் இல்லாத கடை ஊரிலேயே இல்லாத கடை" என்பான் மகன். இருவர் சொல்லிலும் உண்மை இருப்பதால்தான் வழக்கு முடிவதில்லை. இதைப் பொதுப்படப் பேசினால் எந்தப் பக்கமும் பேசலாம். ஒரு கரையை முன்வைத்துப் பேசினால் சில செய்திகளாவது தெளிவாகும். அக்கரை தூத்துக்குடி. துறைமுகமும் உப்பளமும் முத்துப் பார்களும் பனங்காடும் ஒருங்கே அமைந்த அந்தக் கடற்கரையில், விற்பவன் எப்படித் தன்னைப் பற்றிப் பேசவேண்டும் என்ற கேள்வி நூறாண்டுகளுக்கு முன்பே மிகப் பெரிய அளவில் கேட்கப்பட்டு, அதற்கு விலையும் கொடுக்கப்பட்டது.

1906 அக்டோபர் 16-ஆம் நாள் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. ஒட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்து தூத்துக்குடியில் வழக்குரைஞராக இருந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை அதன் உயிர்நாடி. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவர். மூலதனம் 10 லட்சம் ரூபாய். அது 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வணிகக் குடும்பத்தில் பிறந்தவர்கள் இந்தக் கணக்கைச் சற்று நின்று பார்க்கவேண்டும். பங்கு ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் என வைத்திருந்தால் சில செல்வர்களின் வீட்டு வாசலை மிதித்தாலே போதும். பேச்சாளரும் வேண்டியதில்லை, பத்திரிகையும் வேண்டியதில்லை. 25 ரூபாய் என்று வைத்த அந்த நொடியிலேயே முன்பின் அறியாத பல்லாயிரம் பேரை நோக்கிப் பேசவேண்டிய கட்டாயம் அந்த நிறுவனத்திற்கு வந்துவிட்டது. ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் எடுத்தார் என்பது உண்மை. ஆனால் மீதியை ஊர் ஊராகச் சென்று சேர்க்கவேண்டியிருந்தது.

அப்பேச்சு எப்படி நடந்தது? வ.உ.சி. தாமே பேசினார். பம்பாய்க்குத் தாமே சென்றார். பாரதியார் நடத்திய 'இந்தியா' வார இதழ் பங்கு வாங்குமாறு மக்களை வேண்டி எழுதியது. பிற பத்திரிகைகளிலும் செய்தி பரவியது. பின்னர் 1908-இன் தொடக்கத்தில் சுப்பிரமணிய சிவா தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தார். அவர் நாவன்மைக்குக் கடற்கரைக் கூட்டம் கட்டுண்டது. இவர்களில் எவரும் கூலிக்குப் பேசியவர் அல்லர். நிறுவனத்தை நடத்தியவரும் அதைப் பற்றிப் பேசியவரும் ஒருவரே. பயணச்சீட்டின் விலை, கப்பல் புறப்படும் நாள், எத்தனை பேர் ஏறலாம் என்பதெல்லாம் பேசுகிறவருக்குத் தெரியும். 'காலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்களும் 1907-இல் வந்து சேர்ந்தபோது, மேடையில் சொன்ன சொல் துறையில் இரும்பாக நின்றது. விளம்பரத்திற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

எதிரணியில் இருந்த பிரிட்டிஷ் இந்தியா நாவிகேஷன் கம்பெனியிடம் பேச்சாளர் இல்லை, பணம் இருந்தது. கொழும்புக்குக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கப்பல் எட்டணாவாக்கியது. பிறகு அவர்கள் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்தார்கள் என்று இன்றளவும் அந்தக் கரையில் சொல்லப்படுகிறது. இன்றைய 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவச'த்தின் பாட்டன் அது.

இக்கதையின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. பேச்சும் வணிகமும் ஒரே நாவில் இருந்தால் அந்த நா கட்டப்படும்போது இரண்டும் கட்டப்படும். 1908 பிப்ரவரி 27-இல் கோரல் ஆலை வேலைநிறுத்தம் தொடங்கியது. அதற்குத் தலைமை தாங்கியவர்களும் இவர்களே. மார்ச் 12-இல் இருவரும் கைது செய்யப்பட்டனர். ஜூலையில் கடுந்தண்டனை விதிக்கப்பட்டது. வ.உ.சி. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது பேசுவதற்குக் கப்பல் நிறுவனம் இல்லை. 1911-இலேயே அது கலைக்கப்பட்டு, 'காலியா' எதிரிக் கம்பெனிக்கே விற்கப்பட்டிருந்தது. அவர்கள் பேசியது தவறு என்று எவரும் சொல்லத் துணியார். அது நாட்டுக்கான பேச்சு. ஆயினும் நிறுவன அமைப்பு என்ற ஒரு கோணத்தில் மட்டும் பார்த்தால், குரல் ஒரே மனிதரிடம் தங்கிவிட்டதன் விலை எவ்வளவு என்பது அதில் தெரிகிறது. தனி வல்லுநர் வேண்டும் என்று வாதிடுவோர்க்கும், முதலாளியே பேசவேண்டும் என்று வாதிடுவோர்க்கும் அந்த ஒரு நிறுவனத்திலேயே சான்று கிடைக்கிறது.

அதே 1906-ஆம் ஆண்டு, அதே மன்னார் வளைகுடாவின் மறுகரையில் இன்னொரு நிறுவனமும் தொழில் தொடங்கியது. இலங்கையின் முத்துப் பார்களை 20 ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்த லண்டன் கம்பெனி அது. முந்திய ஆண்டான 1905-இன் சலாபம் கண்டோர் வியக்கும் பெருவிளைச்சல் தந்திருந்தது. அந்தப் புகழே கம்பெனியின் முதலீடு. ஆனால் 1907-க்குப் பின் பார்களில் எடுக்கத்தக்க சிப்பி இல்லை. சில ஆண்டுகளில் கம்பெனியும் இல்லை. நேற்றைய விளைச்சலைக் காட்டி நாளைய விளைச்சலை விற்ற கதை அது. பேச்சுத் திறன் எவ்வளவு இருந்தாலும் பாரில் சிப்பி இல்லையென்றால் கூடை வெறுங்கூடைதான்.

முத்துச் சலாபத்தில் வேறொரு வழக்கம் இருந்தது. (உயிர்க்கொலை சார்ந்த தொழிலாதலின் சிராவகர் அதிலிருந்து விலகி நிற்பவர், அறிவிப்பு முறை பற்றி மட்டுமே இங்கு பேச்சு.) அரசு சலாபம் நடத்துமுன் பார்களைச் சோதிக்கும். மாதிரிக்கெனச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளை வல்லார் கையில் கொடுத்து மதிப்பிடச் செய்யும். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறும் என்ற அந்த மதிப்போடு, நாளும் இடமும் குறித்து அறிவிப்பு வெளிவரும். அதை நம்பித்தான் தொலைதூர வணிகர் பணத்தோடு வருவர். ஏலத்தில் வாங்குவது மூடிய சிப்பி. உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. அறிவிப்பில் சொன்ன மதிப்புக்கும் கையில் கிடைத்த முத்துக்கும் பொருத்தம் குறைந்தால் மறுநாள் ஏலத்தொகை தானே இறங்கிவிடும். பொய் சொல்லி ஒருநாள் உயர்த்தலாம். இரண்டாம் நாள் முடியாது. இணையத்தில் பொருள் வாங்கும் இன்றைய வாடிக்கையாளரும் மூடிய சிப்பியைத்தான் வாங்குகிறார். தொட்டுப் பார்க்க இயலாது, முகர இயலாது. படத்தையும் பதிவையும் நம்பிப் பணத்தை முன்னதாக அனுப்பிவிடுகிறார். ஆகவே பதிவு எழுதும் கை என்பது அந்தக் காலத்து மாதிரிச் சிப்பியை மதிப்பிட்ட கைக்கு ஒப்பானது. அந்தக் கை யாருடையது என்பதுதான் இன்றைய கேள்வி.

இப்போது இன்றைய தூத்துக்குடிக்கு வரலாம். 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கும் துறைமுகத்தைச் சுற்றிப் பல தொழில்கள் வாழ்கின்றன. ஏற்றுமதி இறக்குமதிச் சரக்குகளுக்குச் சுங்கத்தில் ஆவணம் முடித்துக் கொடுக்கும் கிளியரிங் நிறுவனத்தை எடுத்துக்கொள்க. அதன் வாடிக்கையாளர் சில பத்துப் பேர். அவர்கள் இன்ஸ்டாகிராம் படத்தைப் பார்த்து வருவதில்லை. கண்டெய்னர் ஒருநாள் கூடத் தேங்காமல் வெளியேறியதைப் பார்த்து வருகிறார்கள். கப்பல் எப்போது கரையடையும், எந்தப் படிவம் குறைகிறது என்பதை வாட்ஸ்அப் குழுவில் உடனுக்குடன் சொல்லும் ஓர் எழுத்தர் அந்த நிறுவனத்திற்குப் பொன்னுக்குச் சமம். அவருக்கு மேல் ஒரு சமூக ஊடக வல்லுநரை அமர்த்துவது வீண்செலவு. உப்பு மொத்த வியாபாரமும் ஏறக்குறைய அவ்வாறே. அம்பாரம் அம்பாரமாக லாரியில் ஏறும் உப்புக்கு விலையும் தரமும் வாகன வசதியுமே பேச்சு. அதே உப்பைத் தூளாக்கிப் பொட்டலமிட்டுத் தம் பெயரில் வீடுகளுக்கு விற்கத் தொடங்கும் நாளில்தான் கணக்கு மாறுகிறது. அன்று முதல் முகமறியாதவரோடு பேசவேண்டும்.

ஒரு நாளில் முகமறியாதவர் எத்தனை பேர் அந்த நிறுவனத்திடம் கேள்வி கேட்கிறார்கள்? இதுவே அளவுகோலாக இருக்கத் தக்கது. ஐந்து பேர் எனில் முதலாளியே பதில் எழுதலாம். ஐம்பது பேர் எனில் கடையில் இருக்கும் ஒருவருக்கு அதை வேலையின் ஒரு பகுதியாக்கவேண்டும். ஐந்நூறு பேர் எனில் தனி ஆள் இல்லாமல் முடியாது; அப்போதும் மறுக்கிற முதலாளி பணத்தை மிச்சப்படுத்தவில்லை, வாடிக்கையாளரை இழந்துகொண்டிருக்கிறார். எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள், எத்தனை பேர் விருப்பக்குறி இட்டார்கள் என்ற எண்களைக் காட்டி ஆள் தேவை என்று வாதிடுவோர் உண்டு. அந்த எண்கள் கல்லாவில் விழுவதில்லை. கேள்விகளின் எண்ணிக்கையோ விழும்.

உடன்குடியின் கருப்பட்டியைப் பார்க்க. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மூன்றாண்டுகளுக்கு முன்னரே, 2020-இல், கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குக் கிடைத்திருந்தது. அக்குறியீட்டின் பயன் வெளியூரார் தேடி வருவதில் இருக்கிறது. தேடி வருவோர் இன்று கைப்பேசி வழியாகவே வருகின்றனர். எனவே கருப்பட்டி விற்பவருக்கு ஏதோ ஒரு வகையில் எழுதத் தெரிந்த ஆள் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் எத்தகையவராக இருக்கவேண்டும்? தொலைநகரில் அமர்ந்து பத்து நிறுவனங்களுக்கு எழுதும் ஒருவர் 'ஆண்டு முழுவதும் அன்றன்று காய்ச்சிய கருப்பட்டி' என்று எழுதிவிடுவார். பதநீர் இறங்குவது பருவத்திற்கு உட்பட்டது என்று அவருக்குத் தெரியாது. கலயத்தில் ஏன் சுண்ணாம்பு தடவுகிறார்கள், காய்ச்சிய பாகைச் சிரட்டையில் ஊற்றும்போது நிறம் ஏன் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதும் தெரியாது. ஆகவே நிறம் மாறியிருக்கிறதே என்று வாடிக்கையாளர் கேட்டால், மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதுவார். உண்மையில் நிறம் ஒன்றுபோல் இருந்தால்தான் சர்க்கரை கலந்ததோ என்று ஐயுறவேண்டும். பனையேறியின் மகளோ மருமகனோ அந்தக் கேள்விக்கு இரண்டு வரியில் எழுதும் பதில், எந்த வல்லுநரின் வண்ணப் பதிவையும்விட அதிகமாக விற்கும்.

தூத்துக்குடி மக்ரூன் பற்றி இந்த அவையில் பேசுவது பொருத்தமோ என்று சிலர் எண்ணலாம். பொருத்தம் இருக்கிறது. முந்திரியும் சர்க்கரையும் மட்டுமே கலந்த இனிப்பென்று நினைத்து வாங்குவோர் இன்றும் உண்டு. அதில் முட்டையின் வெண்கரு சேர்கிறது. முட்டை சேர்ந்த உணவு சட்டப்படி அசைவக் குறி பெறவேண்டியது. அந்தப் பழுப்பு நிறக் குறி பெட்டியின் மேல் இருக்கும். பெட்டியைக் கையில் எடுப்பவர் பார்த்துவிடுவார். இணையத்தில் வாங்குபவர் பார்ப்பது பெட்டியை அன்று, அழகாக எடுத்த படத்தை. இணையவழி உணவு விற்பனையில் வாங்குமுன்பே லேபிள் செய்தி வாடிக்கையாளருக்குத் தெரியவேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. படத்தின் அழகு கெடுகிறது என்று குறியை வெட்டிவிடும் படக்கலைஞர் தம் கலையில் தேர்ந்தவராக இருக்கலாம். வணிகத்திற்கு அவர் தீங்கு செய்கிறார். தாவர உணவையே நோன்பாகக் கொண்ட ஒரு குடும்பத்திற்கு அந்த ஒரு சிறு குறி எவ்வளவு பெரியது என்பதை இந்த அவைக்கு விளக்கவேண்டியதில்லை.

முத்துக்கும் ஒரு சொல். தூத்துக்குடிக்கு முத்துநகர் என்று பெயர். சென்னை செல்லும் விரைவு வண்டிக்கும் அப்பெயரே. ஆனால் அந்தக் கரையில் கடைசியாகச் சலாபம் நடந்தது 1961-இல். 1973-இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது வேறு செய்தி. எனவே 'எங்கள் கடலில் இன்று குளித்தெடுத்த இயற்கை முத்து' என்று எவரேனும் பதிவிட்டால், எழுதியவர் வரலாறு அறியாதவர், அல்லது அறிந்தே எழுதியவர். ஊர்ப்பெயரின் புகழ் வேறு, பெட்டியில் இருக்கும் பொருள் வேறு. இரண்டையும் ஒட்டவைப்பது எழுதுகோலுக்கு மிக எளிது. அந்த எளிமைதான் ஆபத்து.

இவ்விடத்தில் இல்லறத்தார் விரதங்களின் நினைவு வருவது இயல்பே. சத்திய அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தில் கூடலேகம் ஒன்று, பொய்யாவணம் எழுதுதல். களவாமை விரதத்தின் அதிசாரங்களில் பிரதிரூபக வியவகாரம் ஒன்று. நல்ல பொருளைப் போன்ற போலியைக் கலந்து விற்றல். குறைத்தும் மிகுத்தும் அளத்தலும் அவ்வரிசையிலேயே வருகிறது. எழுத்தும் சரக்கும் அளவையும் தனித்தனியே எண்ணப்பட்டிருப்பது கருதத்தக்கது. இன்று தம் கடைக்குத் தாமே பத்துப் பெயர்களில் பாராட்டு எழுதுவித்தல் கூடலேகம் இல்லையென்று எப்படிச் சொல்வது? 'நான் எழுதவில்லை, ஏஜென்சிக்காரர் எழுதினார்' என்ற விடை அங்கு செல்லாது. செய்தல், செய்வித்தல், உடன்படல் ஆகிய மூன்றையும் ஒன்றாக எண்ணிப் பழகிய மரபு இது.

நாட்டுச் சட்டமும் ஏறத்தாழ அவ்விடத்திற்கே வந்து சேர்ந்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய்யான அல்லது திசைதிருப்பும் விளம்பரத்திற்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் தண்டத்தொகை விதிக்கலாம். 2022 ஜூனில் விளம்பரங்களுக்கான வழிகாட்டு நெறிகள் வந்தன. அவ்வாண்டு நவம்பரில் இணைய மதிப்புரைகளுக்கென இந்தியத் தர நிர்ணயம் ஒன்று வெளிவந்தது. 2023 ஜனவரியில், பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு ஒன்றைப் பரிந்துரைப்போர் அந்தத் தொடர்பை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. பதிவு எழுதுவது விளையாட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று எண்ணும் மூத்தோர் இந்தத் தொகைகளை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

ஒரு சிறு இடைச்செய்தி. அதே தூத்துக்குடி மாவட்டத்தின் கழுகுமலையில், பாறைமுகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் அமர்ந்திருக்கின்றன. கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயர், ஊர், சிலவற்றில் தொழில், யார் பொருட்டுச் செய்தார் என்பது, அவ்வளவே. குயவரும் தச்சரும் கொல்லரும் அவர்களுள் உண்டு. ஓர் அடைமொழிகூட மிகையாக இல்லாத அந்த வரிகள் ஆயிரத்து நூறு ஆண்டுகள் கடந்தும் நம்பப்படுகின்றன. கல்லில் எழுதுவது கடினம் என்பதால் சுருக்கமாக எழுதினார்களோ என்னவோ. கைப்பேசியில் எழுதுவது எளிது என்பதால்தான் இத்தனை 'அபார'மும் 'அற்புத'மும் பெருகிவிட்டன.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களைத் தென்மாவட்டத்தார் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ரயிலும் பயணிகளும் வெள்ளத்தின் நடுவே நின்றனர். மின்சாரம் இல்லை, பல இடங்களில் கைப்பேசிக் கோபுரமும் செயலிழந்தது. தொலைநகர் ஏஜென்சியிடம் கணக்கை ஒப்படைத்த ஓர் இனிப்புக்கடை அன்று இருந்திருப்பதாகக் கொள்க. கிறிஸ்துமஸ் தள்ளுபடிப் பதிவு முன்கூட்டியே நாள் குறித்து வைக்கப்பட்டிருக்கும். ஊர் மூழ்கிக் கிடக்கும் காலையில் அது புன்னகையோடு தானே வெளிவரும். முன்பணம் கட்டியவர் கேட்கும் கேள்விக்கு, எழுதும் ஆளுக்குக் கிடங்கில் தண்ணீர் எந்த அளவு நிற்கிறது என்று தெரியாது. மறுபுறம், கடைக்காரரே எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால், அவர் கைப்பேசி அணைந்ததும் கடையின் குரலும் அணைந்துவிடும். உள்ளூரில் ஒருவர், வெளியூரில் உறவினரோ ஊழியரோ இன்னொருவர் என இருவர் கையில் திறவுகோல் இருந்த நிறுவனமே 'பொருள் நனைந்துவிட்டது, பணம் திரும்பும், பத்து நாள் பொறுங்கள்' என்ற மூன்று செய்தியை உரிய நேரத்தில் சொல்லியிருக்கக்கூடும். சுதேசி நாவாய்ச் சங்கத்திற்கு 1908-இல் இல்லாமற்போனதும் அந்த இரண்டாவது குரலே.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், திறமையை விலைக்கு வாங்கலாம், சொல்லை வாங்க இயலாது என்பது புலப்படும். படம் எடுத்தல், ஒளிப்பதிவைத் தொகுத்தல், எந்த நேரத்தில் வெளியிட்டால் பலர் பார்ப்பர் என்று கணித்தல், பணங்கட்டி விளம்பரம் செய்யும்போது எந்த ஊரார்க்கு எந்த வயதினர்க்கு என்று வரையறுத்தல் ஆகியவை கைத்தொழில்கள். அவற்றில் தேர்ந்தவரை மாதத்திற்கு இரண்டு நாள் அழைத்துக் கூலி கொடுத்துச் செய்துகொள்வது தச்சரை அழைப்பது போன்றது. அதில் தாழ்வும் இல்லை, தவறும் இல்லை. சரக்கைப் பற்றிய உறுதிமொழி, விலை, குறைக்குப் பதில் ஆகிய மூன்றும் வீட்டுக்குள்ளேயே இருக்கவேண்டியவை. அவற்றை எழுதுகிறவர் கிடங்குக்குள் செல்லும் உரிமை உடையவராக இருக்கவேண்டும். 'இந்த வாரச் சரக்கு நன்றாக இல்லை, பதிவிடவேண்டாம்' என்று முதலாளியிடம் சொல்லும் துணிவும் அவருக்கு வேண்டும். அதைக் கேட்டுக்கொள்ளும் முதலாளியும் வேண்டும்.

இந்த வேலை இன்று பெரும்பாலான குடும்பக் கடைகளில் யாருக்குக் கிடைக்கிறது? கல்லூரியில் படிக்கும் மகளுக்கு, அல்லது புதிதாக வந்த மருமகளுக்கு. 'நீதான் எப்போதும் கைப்பேசியில் இருக்கிறாயே' என்று சொல்லி ஒப்படைத்துவிடுகிறார்கள். இரவு பதினொரு மணிக்கு வரும் வசைக்கும் அவளே பதில் எழுதுகிறாள். விற்பனை கூடினால் கடையின் நற்பெயர். குறைந்தால் அவள் பதிவு சரியில்லை. கணக்குப்பிள்ளைக்குச் சம்பளம் உண்டு, பொட்டலம் கட்டுபவருக்கு உண்டு, இவளுக்கு மட்டும் இல்லை. தனி வல்லுநர் தேவையில்லை என்று பெருமையாகச் சொல்லும் பல கடைகளில் உண்மையில் ஒரு வல்லுநர் இருக்கிறார். அவர் கூலி பெறாதவர், அவ்வளவே. வீட்டுப் பிள்ளையே செய்தாலும் நேரம் குறித்து, ஊதியம் குறித்து, பேரேட்டில் அந்தச் செலவை எழுதவேண்டும். எழுதிப் பார்த்தால்தான் அவ்வேலைக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது என்பதும், வெளியாளை அமர்த்துவது மேலா என்பதும் தெரியவரும்.

வணிகவியல் படித்துவிட்டு ஊரிலேயே வேலை தேடும் இளைஞர்களை எண்ணினால் இதில் இன்னொரு வழியும் இருக்கிறது. ஒரு தெருவில் உள்ள நான்கு சிறு கடைகள் சேர்ந்து ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம். காலையில் ஒரு கடை, மாலையில் ஒரு கடை என்று அவர் நேரில் சென்று சரக்கைப் பார்த்து எழுதலாம். ஒரே சரக்கை விற்கும் போட்டிக் கடைகளாக அவை இருக்கலாகாது என்பது மட்டுமே நிபந்தனை.

எப்படி அமர்த்தினாலும் சில ஏற்பாடுகளை முதல் நாளே செய்துகொள்வது நலம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வணிகக் கணக்கு ஆகிய எல்லாம் கடையின் கைப்பேசி எண்ணிலும் கடையின் மின்னஞ்சலிலும் பதிவாகியிருக்கவேண்டும். ஊழியரின் சொந்த எண்ணில் இருத்தல் கூடாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி வைக்கவேண்டும். விளம்பரத்திற்கான அட்டையில் மாத வரம்பு வைக்கவேண்டும். விலை, எடை, சேர்மானம் ஆகிய மூன்றும் உள்ள எந்தப் பதிவும் உரிமையாளர் ஒருமுறை படிக்காமல் வெளியேறக்கூடாது. வாடிக்கையாளரின் முகவரியும் எண்ணும் எழுதுபவரின் சொந்தக் கைப்பேசியில் தங்கக்கூடாது. பணியிலிருந்து அவர் விலகும் நாளில் கடவுச்சொற்களை மாற்றும் பொறுப்பு யாருடையது என்பதையும் ஒப்பந்தத் தாளிலேயே எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்டு, ஒரு படியைக் கல்லாப்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.